சுவரில் ஆணி அடிக்க முடியாத அறை: நகரும் ஒலிப் பலகைகளை வைத்து ஒரு ஸ்டுடியோவைச் சரிசெய்த கதை

அறை 4.2 மீட்டர் நீளம், 3.3 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரம். வாடகை இடம். சுவரில் துளை போடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோ. ஒருவர் ஒலிப்பதிவாளர், இன்னொருவர் ஒலிப்புத்தகங்களுக்கும் விளம்பரங்களுக்கும் குரல் கொடுப்பவர். அவ்வப்போது பாடகர்கள் கிடாரோடு வருவார்கள். அந்த இருவரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: எடுத்து நகர்த்தக்கூடிய அகவுஸ்டிக் பேனல்களை, அதாவது அறையின் எதிரொலியை உறிஞ்சும் பலகைகளை, ரெடிமேடாக வாங்கலாமா, நாமே செய்துகொள்ளலாமா?

கடைசியில் பதில் இரண்டும் கலந்துதான் வந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் வேறு இரண்டு கேள்விகள் இருந்தன. பேனல் எவ்வளவு தடிமன்? எங்கே நிற்கப் போகிறது? இந்த இரண்டும் தெளிவாகாமல் வாங்கினாலும் செய்தாலும் பணம் வீண்.

அறையில் இருந்த கோளாறு

அறை பார்க்க ஸ்டுடியோ மாதிரியேதான் இருந்தது. முன்பு இருந்தவர்கள் சுவர் முழுக்க 2.5 செ.மீ. தடிமனுள்ள ஃபோம் ஓடுகளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கை தட்டினால் கணகணவென்ற எதிரொலி இல்லை. அப்படியும் பதிவைக் கேட்டால் ச, ஷ ஓசைகள் மழுங்கியிருந்தன. 300 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி வீங்கி, டப்பாவுக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல இருந்தது.

இதற்குக் காரணம் அந்த ஃபோமேதான். நுண்துளைப் பொருட்கள் சத்தத்தை உராய்வால் உறிஞ்சுகின்றன. காற்றுத் துகள்கள் இழைகளுக்கு நடுவே வேகமாக அசைந்தால்தான் உராய்வு உண்டாகும். சுவரை ஒட்டிய இடத்தில் காற்றுக்கு அசைய வழியில்லை. அலைநீளத்தில் கால் பங்கு தூரம் தள்ளி வந்தால்தான் அந்த அசைவு உச்சத்தில் இருக்கும். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 2.5 செ.மீ. தடிமன் கால் அலையாக அமைவது 3,430 ஹெர்ட்ஸுக்கு. 500 ஹெர்ட்ஸின் கால் அலை 17 செ.மீ. மெல்லிய ஓடு அதில் பாதியைக்கூட விழுங்காது. அப்படிப்பட்ட ஓடுகளால் சுவரை நிரப்பினால் மேல் சுரங்கள் மட்டும் காணாமல் போகும், நடுப்பகுதி அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். அறையின் சமநிலை கெட்டது அங்கேதான்.

இரண்டாவது கோளாறு மைக் நின்ற இடம். அறையின் நட்ட நடுவில் வைத்திருந்தார்கள். சுவர்களிலிருந்து முடிந்த அளவு தள்ளி நிற்பது நல்லது என்ற எண்ணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில அதிர்வெண்கள் மட்டும் தங்கி வீங்கும்; இதுதான் அறை ஒத்ததிர்வு. 3.3 மீட்டர் அகலத்துக்கு அதில் முதலாவது 52 ஹெர்ட்ஸ், இரண்டாவது 104 ஹெர்ட்ஸ். இந்த இரண்டாவது அலையின் அழுத்தம் சுவர்களை ஒட்டியும் அறையின் சரிநடுவிலும் உச்சத்தில் இருக்கும். குரல் கொடுப்பவர் ஆண், அடித்தொண்டைக் குரல். அவருடைய அடிச்சுரம் அடிக்கடி போய் நிற்பது அந்த 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான். சில சொற்கள் மட்டும் 'கும்' என்று எழும்பியது இதனால்தான்.

மூன்றாவது, யாரும் சந்தேகப்படாத ஒன்று: ஸ்கிரிப்ட் வைக்கும் ஸ்டாண்ட். தகட்டால் ஆனது, வாய்க்கும் மைக்குக்கும் சற்றுக் கீழே, கிட்டத்தட்ட படுத்த நிலையில் இருந்தது. வாயிலிருந்து மைக்குக்கு நேர்வழி 20 செ.மீ.; தகட்டில் பட்டு வரும் வழி ஏறக்குறைய 50 செ.மீ. வித்தியாசம் 30 செ.மீ. என்றால் சுமார் 570 ஹெர்ட்ஸில் முதல் பள்ளம் விழும்; அதன் மூன்று மடங்கில் அடுத்தது, ஐந்து மடங்கில் அதற்கடுத்தது. சீப்புப் பல் மாதிரியான இந்த வெட்டுகளை எந்தச் சுவர்ப் பேனலாலும் தடுக்க முடியாது. ஸ்டாண்டை நிமிர்த்தி, தகட்டின் மேல் தடித்த கம்பளித் துணியைப் போர்த்தினோம். பேனலுக்கு ஒரு காசுகூடச் செலவழிக்கும் முன்பே குரல் பாதி தெளிந்துவிட்டது.

மைக்குக்குப் பின்னாலா, ஆளுக்குப் பின்னாலா

ஒலிப்பதிவாளர் முதலில் வாங்க நினைத்தது மைக் ஸ்டாண்டிலேயே மாட்டும் வளைந்த கவசத்தை. அதற்குப் பதிலாக ஒரு சோதனை செய்து பார்க்கச் சொன்னேன்: வீட்டிலிருக்கும் தடித்த மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து நிமிர்த்தி, பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துவது.

"பேனலை மைக்குக்குப் பின்னாடிதானே வைப்பாங்க அண்ணா?" என்று கேட்டார். நிறையப் பேருக்கு வரும் சந்தேகம்தான். கார்டியாய்டு மைக் தன் முன்பக்கத்தைத்தான் நன்றாகக் கேட்கும், பின்பக்கத்தை ஏறக்குறைய கேட்கவே கேட்காது. ஆக, மைக்கின் முதுகுப் பக்கமிருந்து வரும் எதிரொலியை மைக்கே ஓரளவு தள்ளிவிடும். அது கண் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் திசை பேசுபவரின் முகமும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரும். குரல் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி, பேசுபவரைத் தாண்டி, அவருக்குப் பின்னாலுள்ள சுவரில் மோதி, நேராக மைக்கின் முகத்துக்கு வருகிறது. கையில் ஒரே ஒரு பேனல்தான் இருக்கிறது என்றால் அது ஆளின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

ஒரே பத்தியை மெத்தை இல்லாமல், மைக்குக்குப் பின்னால் மெத்தை, ஆளுக்குப் பின்னால் மெத்தை என்று மூன்று விதமாகப் பதிந்து, ஒலியளவைச் சமப்படுத்திக் கேட்டோம். மூன்றாவதில்தான் அறை சட்டென்று பின்வாங்கியது. பேனல் வாங்க நினைக்கும் யாரும் இந்த மெத்தைச் சோதனையைச் செய்யாமல் பணத்தை வெளியே எடுக்க வேண்டாம் என்பேன். எத்தனை பேனல் வேண்டும், எங்கே வேண்டும் என்பதற்கு உங்கள் அறையே பதில் சொல்லிவிடும்.

எத்தனை வேண்டும்?

இதற்கு சேபைன் சூத்திரம் போதும். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சேபைன், 1895-இல் ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தின் முழக்கத்தைக் குறைக்கும் பொறுப்பை ஏற்றார். சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரத்தில் சத்தம் அடங்குகிறது என்று அளந்தார். இந்தத் துறையே தூக்கிக்கொண்டு போகக்கூடிய உறிஞ்சிகளில்தான் பிறந்தது என்பதை நினைக்க எனக்கு எப்போதும் சந்தோஷம். அவர் கண்டது இது: முழக்க நேரம், அதாவது சத்தம் 60 டெசிபல் இறங்க எடுக்கும் நொடிகள், 0.161-ஐ அறையின் கன அளவால் பெருக்கி மொத்த உறிஞ்சுபரப்பால் வகுத்தால் கிடைக்கும். உறிஞ்சுபரப்பு என்பது ஒவ்வொரு பொருளின் பரப்பையும், பட்ட ஒலியில் அது உறிஞ்சும் பங்கையும் (உறிஞ்சுகெழு) பெருக்கிக் கூட்டியது.

நம் அறை கிட்டத்தட்ட 39 கன மீட்டர். ஃபோமை நீக்கிய பின், தரைவிரிப்பு, மேசை, நாற்காலி, ஆட்கள் எல்லாம் சேர்ந்து நடு அதிர்வெண்களில் சுமார் 6 சதுர மீட்டர் உறிஞ்சுபரப்பு இருக்கும் என்று வைத்தால், முழக்க நேரம் ஒரு நொடிக்குச் சற்று மேல். பேச்சுப் பதிவுக்கு 0.3, 0.4 நொடி போதும். இரு பக்கமும் திறந்த, 180க்கு 60 செ.மீ. பேனல் ஒன்று தனியாக நின்றால் இரு முகமும் வேலை செய்து ஏறக்குறைய 2 சதுர மீட்டர் கிடைக்கும். நான்கு பெரிய பேனலும் இரண்டு சின்ன பேனலும் சேர்ந்து 11 சதுர மீட்டர் அளவுக்குக் கூட்டினால், கணக்குப்படி 0.37 நொடி. சுவரோடு ஒட்டிய பேனலுக்கு ஒரு முகம்தான். நிற்கும் பேனல்களுக்கு இந்த லாபம் சும்மா கிடைக்கிறது, பின்பக்கம் பலகை வைத்து மூடாமல் இருந்தால்.

இந்தக் கணக்கு இந்த அளவு அறையில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே செல்லாது. அங்கே சத்தம் சீராகப் பரவுவதில்லை, ஒத்ததிர்வுகளின் ஆட்சிதான். அந்த 104 ஹெர்ட்ஸ் வீக்கத்துக்கு மருந்து பேனல் இல்லை, இடமாற்றம். மைக்கையும் ஆளையும் பக்கச் சுவரிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்துக்கு நகர்த்தினோம். அங்கே அந்த அலையின் அழுத்தம் நடுவில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். 'கும்' போயிற்று.

ரெடிமேடு பேனல்களைப் பார்த்தபோது

விற்பனைப் பக்கங்களில் பெரிய எழுத்தில் இருப்பது என்ஆர்சி என்ற ஒற்றை எண். 250, 500, 1,000, 2,000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு இடங்களின் உறிஞ்சுகெழு சராசரி அது. 125 ஹெர்ட்ஸ் அதில் இல்லவே இல்லை. அதனால் அந்த ஒற்றை எண்ணை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு அதிர்வெண்ணுக்குமான அட்டவணையைக் கேளுங்கள். எப்படி மாட்டி அளந்தார்கள் என்றும் கேளுங்கள். 'ஏ' மவுன்ட் என்றால் நேராகப் பரப்பின் மேல் வைத்து அளந்தது. 'ஈ-400' என்றால் பின்னால் 400 மி.மீ. காற்றிடைவெளி விட்டு அளந்தது, அதில் தாழ் அதிர்வெண் எண்கள் அழகாகவே இருக்கும். கெழு 1-ஐத் தாண்டி 1.1 என்று இருந்தால் பொய் என்று நினைக்க வேண்டாம். ஆய்வகத்தில் ஓரங்களிலும் ஒலி வளைந்து உறிஞ்சப்படுவதால் அப்படி வரும். அட்டவணையே தர முடியாது, ஆனால் "ஸ்டுடியோ தரம்" என்று சொல்பவர்களிடம் நாங்கள் வாங்கவில்லை.

கடைசியில் வாங்கியது இரண்டு: 120க்கு 60 செ.மீ., 5 செ.மீ. தடிமன், பாலியெஸ்டர் இழையை அழுத்திச் செய்தது. எடை குறைவு, தூசி பறக்காது, வெளியிடப் பதிவுக்குக் காரில் போட்டுக்கொள்ளலாம், தீத்தடுப்புச் சான்றும் கூடவே வந்தது. அடிக்கடி பயணம் செய்யும் பேனலையும் சான்றிதழ் கேட்கும் கட்டடத்தில் வைக்கும் பேனலையும் வாங்கிவிடுவதே நல்லது. 10 செ.மீ. தடிமனுக்குப் போனால் ரெடிமேடின் விலை மளமளவென்று ஏறுகிறது, தேர்வும் சுருங்குகிறது. அதனால் பெரிய நான்கையும் நாங்களே செய்தோம்.

செய்த விதம்

உள்ளே வைத்தது கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள கண்ணாடிக் கம்பளித் தகடு, 5 செ.மீ. வீதம் இரண்டு அடுக்கு. தகடு 120க்கு 60 அளவில் வருவதால், 180 உயரத்துக்கு ஒன்றரைத் தகடு. இரண்டு பேனலுக்கு அடுக்குக்கு மூன்று. துண்டு மிச்சமாகாது. பாறைக் கம்பளியும் இதே வேலையைச் செய்யும். அடர்த்தி கூடினால் உறிஞ்சலும் கூடும் என்ற நம்பிக்கையில் மிகவும் இறுகிய தகட்டைத் தேடிப் போக வேண்டாம். தடிமன் ஏற ஏறக் காற்று உள்ளே நுழையும்படி சற்று இளகிய பொருளே தேவை.

சட்டம் 12 மி.மீ. பிளைவுட், 10 செ.மீ. அகலப் பட்டைகள், நடுவில் ஒரு குறுக்குப் பட்டை. முன்னும் பின்னும் நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினோம், கம்பளி தொந்திபோட்டு வெளியே தள்ளாமல் இருக்க. அதன் மேல் மெல்லிய பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பு, அப்புறம் துணி. துணியைத் தேர்ந்தெடுக்கக் கருவி எதுவும் வேண்டாம். வாயில் வைத்து ஊதினால் மூச்சு தாராளமாக மறுபக்கம் போக வேண்டும். ரெக்சின் போல மூச்சை நிறுத்தும் எதுவும் மேல் சுரங்களைத் திருப்பி அனுப்பும். துணியை அடிக்கும்போது ஒரு பக்கத்தின் நடுவில் ஸ்டேப்பிள், பிறகு நேர் எதிர்ப் பக்கத்தின் நடுவில், அங்கிருந்து மூலைகளை நோக்கி. ஒரு மூலையில் தொடங்கி வரிசையாகப் போனால் நெசவு சாய்ந்து நிற்கும்.

கண்ணாடி இழை அரிக்கும். கையுறை, முழுக்கை, முகமூடி, கண்ணாடி நான்கும் வேண்டும். வெட்டுவது திறந்த வெளியில். புற்றுநோய் பயம் பலருக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், காப்புப் பொருளாகப் பயன்படும் கண்ணாடிக் கம்பளியையும் பாறைக் கம்பளியையும் 3-ஆம் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்த முடியாதவற்றில், வைத்தது. துணிக்குள் மூடி வைத்த பிறகு அதைக் கிளறாமல் இருந்தால் போதும்.

அதிகம் யோசித்தது கால்களைப் பற்றித்தான். பேனல் ஒன்றின் எடை 10 கிலோ அளவில் வருகிறது. 50 செ.மீ. நீளக் குறுக்குக் கால்கள் வைத்தால், 180 செ.மீ. உயரத்தில் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான விசையில் தள்ளினாலே சாய்ந்துவிடும். கால் 30 செ.மீ. என்றால் ஒரு கிலோ விசைகூட வேண்டாம். ஹெட்ஃபோன் வயர் மாட்டி இழுத்தாலே போதும், விலையுயர்ந்த மைக் மேல் விழும். கால்களை நீட்டினால் நடக்கிறவர்கள் தடுக்கி விழுவார்கள். அதனால் கால்களையே விட்டுவிட்டு, இரண்டிரண்டு பேனல்களைக் கீல் போட்டு இணைத்தோம், மடக்குத் தட்டி மாதிரி. 90 பாகையில் விரித்து வைத்தால் தானாகவே உறுதியாக நிற்கும். கீல் ஊசியை உருவினால் தனித்தனியாகத் தூக்கலாம். கீல் பக்கத்து இடைவெளியில் சத்தம் கசியாமல் ஒரு துணிப்பட்டை தைத்தோம்.

நிறுத்திய விதம்

ஒரு ஜோடி பேசுபவரின் முதுகுக்குப் பின்னால், இன்னொன்று மைக்குக்கு அப்பால், சற்றுத் தள்ளி. 60 செ.மீ. பக்கங்களை 90 பாகையில் விரித்தால் முனைக்கு முனை 85 செ.மீ.தான், ஆக 120 செ.மீ. நீளமுள்ள வாங்கிய பேனல் மேலே கூரையாகக் குறுக்கே நிற்கிறது. கனமான பேனலைத் தலைக்கு மேல் வைக்கவே கூடாது. இதுவும் லேசானதுதான் என்றாலும் வெல்க்ரோ பட்டையால் இறுக்கிக் கட்டுகிறோம்.

கூரை எப்போது தேவை என்பதற்கும் கணக்கு உண்டு. வாயும் மைக்கும் தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் என்றால், மேற்கூரையில் பட்டுத் திரும்பும் ஒலி 2.6 மீட்டர் பயணம் செய்கிறது. மைக் 20 செ.மீ. தூரத்தில் இருந்தால் அந்த எதிரொலி நேரொலியைவிட 22 டெசிபல் கீழே. அதைக் கேட்டுப் பிரித்தறிவது சிரமம். பாடகர் மைக்கிலிருந்து 60 செ.மீ. தூரத்துக்குப் பின்வாங்கினால் வித்தியாசம் 13 டெசிபலாகச் சுருங்குகிறது. எனவே ஒலிப்புத்தகப் பதிவுக்குக் கூரை வேண்டாம், தள்ளி நின்று பாடுபவர்களுக்கு வேண்டும்.

கிடாரும் குரலும் ஒரே நேரத்தில் பதியும்போது ஒரு ஜோடி இருவருக்கும் நடுவே போகிறது. பாதி மறைத்தாலும் கண்கள் சந்திக்க வழி விட வேண்டும், இல்லாவிட்டால் தாளம் தடுமாறும். இந்த இடத்தில் பேனலிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை மீட்டர், 1.8 மீட்டர் பேனலை அது சுற்றிக்கொண்டு போய்விடும். குரலுக்கு எட்டு வடிவ மைக்கை வைத்து, அதன் காது கேளாத பக்கவாட்டைக் கிடார் நோக்கித் திருப்பினோம். பேனலும் மைக்கும் சேர்ந்து கொடுத்த பிரிவு, பேனலை மட்டும் நம்பினால் கிடைத்திருக்காது.

மிக்ஸிங் நேரத்தில் இதே பேனல்கள் ஸ்பீக்கர்களுக்குப் பக்கவாட்டில் போகின்றன. ஒருவர் சுவரோரமாக முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக, உட்கார்ந்திருப்பவருக்கு அதில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே பேனல், சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி. அந்த இடைவெளி இருந்தால் பேனலின் முன்முகம் சுவரிலிருந்து 20 செ.மீ. தூரத்துக்கு வருகிறது, கால் அலைக் கணக்கில் அது 430 ஹெர்ட்ஸ். ஒட்டி வைத்தால் 860. வெறும் காற்று கொடுக்கும் பலன் இது.

ஃபோம் ஓடுகளைக் கழற்றிவிட்டோம். ஒலி ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் தீ. எந்தத் தரச்சான்றும் இல்லாத பாலியூரித்தேன் ஃபோம் அது. 2003 பிப்ரவரியில் ரோட் ஐலண்டில் ஒரு இரவு விடுதி மேடையில் ஒட்டியிருந்த ஃபோம் வாணவேடிக்கைப் பொறியில் பற்றி 100 பேர் இறந்தார்கள். மூடிய சின்ன அறையில், ஒரே வாசலோடு, அந்தப் பொருள் சுவர் முழுக்க இருக்கக் கூடாது. பெயின்ட் உரிந்த இடங்களை வீட்டு உரிமையாளரின் சம்மதத்தோடு மறுபடி பூசினார்கள்.

இன்னும் தீராதவை

தெரு இரைச்சல் அப்படியேதான் உள்ளே வருகிறது. இந்தப் பேனல்கள் அறைக்குள் சுற்றும் சத்தத்தைத்தான் குறைக்கும். சுவர் தாண்டும் சத்தத்தை நிறுத்த எடையும் காற்றுப்புகாத அடைப்பும் வேண்டும், பஞ்சால் ஆகாது. அதனால் ஒலிப்புத்தகப் பதிவுகளை இரவுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

அடுத்தது 41, 52, 61 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வுகள். மிக்ஸிங் இல்லாத நேரத்தில் ஜோடிகளை மூலைகளுக்குக் குறுக்கே விரித்து, ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளில் அளந்து பார்த்தோம். 150-க்கு மேல் அடங்கும் வேகம் நன்றாகவே கூடியது, 60 பக்கத்தில் அசையவே இல்லை. அதற்குத் தரையிலிருந்து மேற்கூரை வரை மூலையை நிரப்பும் தடித்த உறிஞ்சி வேண்டும், நகர்த்தும் அளவில் அது அடங்காது. இப்போதைக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எடுக்கும் எந்த மிக்ஸிங் முடிவையும் அவர்கள் ஹெட்ஃபோனில் சரிபார்த்த பிறகே உறுதி செய்கிறார்கள்.